உன்னிடம் மரம் இருக்கிறது

செக்கிங் டேபிளில் துணியை விரித்து
பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
ஒரே ஒரு தடவை நழுவவிட்டேன்.
"நூத்தி அறுவது இல்லீங்க இது.
நூத்தி அம்பத்தி ரண்டு. மிஞ்சினா மூணு."

நாச்சிமுத்து அண்ணன் நம்பவில்லை.
வட்டமாய் வெட்டி எடைபோட்டார்.
நூற்றி ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு.
காம்பாக்டிங்கில் யாரோ
துணியை இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

லேப்டாப் திரையில்
வலென்சியாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நுரியா
காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு
என்னைப் பார்த்துச் சொன்னாள்:
தியெனெஸ் மதேரா தெ...
அந்த நொடியில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உறுமி எழுவதற்குள்
அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள்.

தியெனெஸ் தெரியும். உன்னிடம் இருக்கிறது.
நான்கு மாதமாய்ப் பெருமாநல்லூர் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடி காதில் ஒயரோடு படித்த பாடம்.
உன்னிடம் ஆப்பிள் இருக்கிறது.
உன்னிடம் பூனை இருக்கிறது.
மதேரா?

போனில் தட்டினேன்.
மரம்.
நிற்கிற மரத்துக்கு வேறு சொல்லாம்,
இது அறுத்துப் போட்ட மரம்.

ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்
நடு மண்டையில் குட்டி இதைத்தான் சொன்னார்.
மரமண்டை.
சென்னிமலையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்
அம்மா இடுப்பில் கிள்ளிச் சொன்னதும் இதுதான்.
"மரமாட்டம் நிக்காத கருணா, சித்தெ சிரி."
கடல் தாண்டியும்
அதே பெயர்தானா எனக்கு?

கீழே தள்ளிப் படித்தேன்.
திட்டு இல்லையாம். பாராட்டாம்.
ஒரு வேலைக்கென்றே பிறந்தவர்களைச் சொல்வதாம்.
நடிகனுக்கான மரம், தலைவனுக்கான மரம்,
இன்னதற்கு ஆகுமென்று
வயிரத்திலேயே எழுதியிருக்குமாம்.
நாம் கைராசி என்று விட்டுவிடுவோம்.
அவர்கள் வேர்வரைக்கும் போகிறார்கள்.

பஸ் பூலுவப்பட்டி தாண்டும்வரை குளுகுளுவென்று இருந்தது.
அப்புறம் கோபம் வந்தது.

பிறவியிலேயேவா?
விளையும் பயிர் என்று
என் முளையை யாரும் குனிந்து பார்த்ததில்லை.
பதினோரு வருடம், நுரியா.
ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு பீஸ்.
எண்ணெய்க் கறை, ஊசிப் பொத்தல், விட்டுப்போன தையல்,
சிவப்பு ஸ்டிக்கர், சிவப்பு ஸ்டிக்கர்.
உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்று
நாற்காலி தராத பதினோரு வருடம்.
சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம்
முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது.
அதற்கும் எங்கள் பாஷையில் சொல் இருக்கிறது:
மரத்துப்போவது.
கால் மரத்தது. இடுப்பு மரத்தது.
மேஸ்திரியின் ஏச்சுக்குக் காது மரத்தது.
என் உடம்பில் மரமாகாமல் மிஞ்சியது
இந்த இரண்டு விரல் நுனி.
அதைப் போய்
மரம் என்கிறாய் நீ.

ஆனாலும் அந்தத் 'தெ' தூங்கவிடவில்லை.
எதற்கான மரம் என்று சொல்ல வந்தாள்?
ராத்திரி எழுதிக் கேட்டேன், தெ கே?
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதினொன்றரைக்குப் பதில் வந்தது.
கைதட்டும் பொம்மை ஒன்று,
அதன் கீழே
பதினெட்டாயிரம் பீஸ்,
டெலிவரி பத்து நாள் முன்னால் வேண்டும்.

காலையில் நாச்சிமுத்து அண்ணனிடம் போனேன்.
"அண்ணா, எங்கிட்ட மரம் இருக்குதாங்க.
ஸ்பெயின்ல இருந்தே சொல்லீட்டாங்க.
அதுல ஒரு ஸ்டூல் அடிச்சுப் போட்டுக்கட்டுங்களா?"

அவர் சிரித்தார்.
சிரித்து முடித்து,
போய் வேலையைப் பார் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

நான் நகரவில்லை.
மரமாட்டம் நின்றேன்.